சோறு வாழைக்கா, பீச்சை அருவா

முத்துப்பிரியாவை அந்தக் காரில் ஏற்றியதற்கு அவளுடைய அறிவோ துணிச்சலோ காரணமில்லை. எடைதான் காரணம்.

போடிநாயக்கனூரில் ஏலக்காயைத் தரம் பிரித்து மூட்டை கட்டும் கடை ஒன்றில் அவள் வேலை பார்த்தாள். ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவளுடைய அண்ணன் சின்ராசு கிரீஸ் கையோடு உள்ளே வந்து, மூட்டை நிறுக்கும் தராசைக் காட்டி, "இதுல ஏறி நில்லு" என்றான்.

"எதுக்குண்ணே?"

"நில்லு புள்ள, சொல்றேன்."

நின்றாள். நாற்பத்திரண்டரை கிலோ. செருப்பைக் கழற்றச் சொன்னான். நாற்பத்திரண்டு. சின்ராசுவின் முகம் பரிசுச் சீட்டு விழுந்தவன் முகம்போல ஆகிவிட்டது.

"போடி பூராம் தேடுனாலும் இதைவிட லேசான ஆளு கெடைக்காது. பிரியா, நீதான் நம்ம ராலி வண்டிக்கு நேவிகேட்டரு."

"அப்படின்னா?"

"டிரைவருக்குப் பக்கத்துல ஒக்காந்து வழி சொல்லணும். அம்புட்டுத்தான். வழியும் ஒரே வழிதான்."

கடையிலிருந்த பெண்கள் ஏலக்காய் பொறுக்குவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். முத்துப்பிரியாவும் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு சின்ராசு போய்விட்டான்.

அவன் எட்டு வருஷம் கோயம்புத்தூரில் ஒரு பட்டறையில் இருந்தவன். வசதியான வீட்டுப் பிள்ளைகளின் ராலிப் பந்தயக் கார்களைப் பிரித்து மாட்டி, கழுவித் துடைத்து, அவர்கள் கோப்பையோடு போட்டோ எடுத்துக்கொள்ளும்போது ஓரமாக நின்று ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருந்தவன். ஊர் திரும்பி தேவாரம் ரோட்டில் சொந்தப் பட்டறை போட்ட பிறகும் அந்த அரிப்பு அடங்கவில்லை. இன்ஜின் சத்தத்தை வைத்தே எந்த வால்வில் கோளாறு என்று சொல்லிவிடுவான். ஆனால் பாவம், வளைவான ரோட்டில் காரில் உட்கார்ந்தால் அவனுக்கு வாந்தி வந்துவிடும். போடிமெட்டுக்கு ஏறும் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளில் நாலாவதுக்கு மேல் கண்ணைத் திறந்து பார்த்ததே கிடையாது.

ஓட்டப்போவது அவன் பெண்டாட்டி வீரலட்சுமி. தினமும் காலை ஆறு மணிக்குப் பதினாலு பெண்களை ஜீப்பில் ஏற்றி, அதே பதினேழு வளைவும் ஏறி, ஏலத்தோட்டங்களில் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்பக் கூட்டிவருவது அவள் சோலி. பதினோரு வருஷமாக ஒருநாளும் ஜீப்பு தாமதமாகப் போனதில்லை. அதில் ஏறுகிறவர்கள் முதலில் கும்பிடுவார்கள், பிறகு கம்பியைப் பிடிப்பார்கள், அதற்கப்புறம்தான் ஊர்க்கதை பேச ஆரம்பிப்பார்கள்.

கார் கிடைத்தது ராசிங்காபுரத்தில் ஒரு தென்னந்தோப்புக்குள். எண்ணூறு சிசி சின்ன கார், மஞ்சள் நிறம், வயசு இருபதைத் தாண்டிவிட்டது. உள்ளே கோழிகள் அடைந்துகொண்டிருந்தன. பட்டறைக்கு இழுத்து வந்தபோது பின்சீட்டில் ஒரு பெட்டை அடைகாத்துக்கொண்டிருந்தது. குஞ்சு பொரிக்கும்வரை பின்சீட்டில் யாரும் கை வைக்கக் கூடாது என்று வீரலட்சுமி சொல்லிவிட்டாள். அதனால் தமிழ்நாட்டு ராலி கார்களிலேயே முன்பக்கம் மட்டும் பன்னிரண்டு நாள் வேலை நடந்த கார் அது ஒன்றாகத்தான் இருக்கும். பன்னிரண்டாம் நாள் ஒன்பது குஞ்சுகள் இறங்கிப் போயின. அன்று மாலையே பின்சீட்டும் இறங்கியது.

கதவு அட்டை, தரை விரிப்பு, ஜன்னல் கண்ணாடி ஏற்றும் கைப்பிடி என்று எடை உள்ளதெல்லாம் போனது. கார் உருண்டாலும் உள்ளே இருப்பவர்கள் நசுங்காமல் இருக்க, உள்பக்கமாக இரும்புக் குழாயில் ஒரு கூண்டு கட்ட வேண்டும். சின்ராசு பார்த்துப் பார்த்துக் கட்டினான். கூண்டுக்கு வெள்ளைப் பெயின்ட் அடித்து, பொட்டு வைத்து, பொங்கல் கழிந்த வாரத்தில் மூன்று பேரும் கோயம்புத்தூருக்கு முதல் ராலிக்குப் போனார்கள்.

போட்டிக்கு முன்னால் வண்டியைச் சோதிக்கிற அதிகாரி மகாராஜன் என்பவர். நரைத்த மீசை, கையில் ஒரு சின்னச் சுத்தியல். கூண்டில் ஒரு தட்டுத் தட்டினார். காதைக் கொடுத்துக் கேட்டார்.

"இது என்ன பைப்பு தம்பி?"

"போர்வெல் பைப்புங்க. புதுசு."

"இதுல தண்ணி வரும். ஆளு உயிரோட வரமாட்டான். அடுத்த தடவை முறையான குழாய்ல கட்டிட்டு வாங்க."

முதல் ராலி அங்கேயே முடிந்தது. வாசலைக்கூடத் தாண்டவில்லை. அன்றைக்கே ஊருக்குத் திரும்பினார்கள். ஒட்டன்சத்திரம் தாண்டியதும் வீரலட்சுமி, "தண்ணி வரும்னாரு பாத்தீங்களா" என்றாள். அவ்வளவுதான். பிறகு வத்தலக்குண்டு வரைக்கும் சிரிப்பை நிறுத்த முடியவில்லை.

இரண்டாவது ராலியில் முறையான கூண்டு. மகாராஜன் தட்டிப் பார்த்துத் தலையை ஆட்டினார். இந்தத் தடவை சிக்கல் முத்துப்பிரியாவின் பக்கம் வந்தது. போட்டிக்கு முந்தின நாள் பாதையை மெதுவாகச் சுற்றிப் பார்த்து, ஒவ்வொரு வளைவும் எந்தப் பக்கம், எவ்வளவு கூர்மை, அடுத்த வளைவுக்கு எத்தனை மீட்டர் என்று குறிப்பு எழுதிக்கொள்ள வேண்டும். போட்டியில் டிரைவர் கண்ணை நம்பாமல் அந்தக் குறிப்பை நம்பி ஓட்டுவார். எல்லாரும் ஆங்கிலத்தில் லெஃப்ட் த்ரீ, ரைட் ஃபோர் என்று எழுதுகிறார்கள் என்று முத்துப்பிரியாவும் அப்படியே எழுதினாள்.

எட்டாம் கிலோமீட்டரில் அவள் "ரைட் த்ரீ" என்றாள். வீரலட்சுமி இடது பக்கம் திருப்பினாள். கார் வேலியைக் கிழித்துக்கொண்டு மக்காச்சோளக் காட்டுக்குள் போய், அறுபது எழுபது மீட்டர் கதிர்களைச் சாய்த்து நின்றது. இன்ஜின் இருக்கிற இடத்தில் வெறும் தட்டையும் கதிருமாக இருந்தது. காட்டுக்காரர் ஓடி வந்தார். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து இரண்டு பெண்கள் எட்டிப் பார்ப்பதைக் கண்டதும் திட்ட வந்த வாய் மூடிக்கொண்டது. "அடி கிடி பட்டுச்சாம்மா?" என்று மட்டும் கேட்டார்.

"நான் ரைட்டுன்னுதான சொன்னேன் மதினி?"

"நீ சொன்னே. எனக்கு ரைட்டுன்னா, போலாம் ரைட்டுன்னு கண்டக்டர் சொல்ற மாதிரியே கேக்குது. போயிட்டேன்."

ஊருக்கு வந்ததும் அண்ணியும் நாத்தனாரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஆங்கிலம் வேண்டாம். வலது என்றால் சோத்தாங்கை, இடது என்றால் பீச்சாங்கை. வேகத்தில் இரண்டும் ஒரே மாதிரி காதில் விழும் என்பதால் சோறு, பீச்சை என்று சுருக்கினார்கள். வளைவின் அளவுக்கு என்ன வைப்பது என்று பேச்சு வந்தது. வீரலட்சுமி வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்; ஒரு காயைத் தூக்கிப் பிடித்தாள். லேசான வளைவு வாழைக்கா ஆயிற்று. அதைவிடக் கூர்மையானது அருவா. திரும்பி வந்த வழியையே பார்க்கிற வளைவு கொண்டை. மண் சறுக்குகிற இடத்துக்கு வெண்ணெய். கார் எகிறும் மேட்டுக்கு, முத்துப்பிரியா எவ்வளவு மறுத்தும், ஆத்தாடி.

"சோறு வாழைக்கா, நூறு, பீச்சை அருவா, வெண்ணெய்" என்று சத்தமாகப் படித்துப் பார்த்தாள். சாப்பாட்டுக் கடையில் ஆர்டர் சொல்வதுபோல இருந்தது. ஆனால் வீரலட்சுமியின் கை ஒருமுறைகூடத் தவறவில்லை.

இதற்கிடையில் சின்ராசு வண்டியின் காலைக் கவனித்துக்கொண்டிருந்தான். மேடு பள்ளத்தில் கார் குதித்துத் திசை மாறாமல் இருக்க ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் சரியாகப் பொருத்த வேண்டும். மற்ற மெக்கானிக்குகள் காரில் உட்கார்ந்து உடம்பாலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். இவனால் உட்கார முடியாது. அதனால் ஒரு வழி கண்டுபிடித்தான். தூக்குவாளியில் கழுத்தளவு சாம்பார் ஊற்றி, மூடாமல், காரின் பின்பக்கத் தரையில் கட்டிவைத்து, சிலமலைக்குப் போகும் தோட்டத்து மண்பாதையில் வீரலட்சுமியை ஓட்டச் சொன்னான். திரும்பி வந்ததும் எவ்வளவு சிந்தியிருக்கிறது என்று பார்ப்பான். முதல்நாள் வாளி காலி. சாம்பார் கூரையில் இருந்தது. ஸ்பிரிங்கை மாற்றினான். அரைவாளி. மறுபடி மாற்றினான். முக்கால்வாளி. ஒரு மாதம் வீட்டில் குழம்பே வைக்க முடியவில்லை. கடைசியில் ஒருநாள் வாளியை எட்டிப் பார்த்துவிட்டு, பட்டறைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். ஒரு முருங்கைக்காய்த் துண்டுகூட வெளியே வரவில்லை.

மூன்றாவது ராலி சேலம் பக்கம். கார் பறந்தது. குறிப்பு பிசகவில்லை. ராலியில் கார்கள் ஒவ்வொன்றாகப் பல கட்டங்களை ஓடும்; எல்லாக் கட்டத்தையும் சேர்த்து நேரம் குறைவாக எடுத்த கார் ஜெயிக்கும். ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டம் தொடங்கும் இடத்துக்குப் பொது ரோட்டில் போகும்போது, கொடுத்த நிமிஷத்துக்குச் சரியாகப் போய்ச் சேர வேண்டும் என்பது விதி. பிந்தினாலும் தண்டனை, முந்தினாலும் தண்டனை. முத்துப்பிரியா கடிகாரத்தைப் பார்த்துச் சொல்வதற்குள் வீரலட்சுமி நாலு நிமிஷம் முன்னாலேயே கொண்டுபோய் நிறுத்திவிட்டாள். ஜீப்புப் பழக்கம். நாலு நிமிஷத்தையும் அவர்கள் நேரத்தோடு கூட்டிவிட்டார்கள். கடைசி இடம்.

"பதினோரு வருசமா வெரசா வந்ததுக்கு ஒருத்தரும் என்னைத் திட்டுனதில்லைய்யா" என்று நேரம் குறிக்கும் மேசைக்காரரிடமே போய்ச் சொன்னாள் வீரலட்சுமி. அவர் சிரித்துவிட்டார், நேரத்தை மட்டும் குறைக்கவில்லை.

ஆனால் கடைசி என்றாலும் முடித்தாயிற்று. காருக்குள் வைத்திருந்த கேமராவில் பதிவான படத்தை யாரோ போனில் போட்டுவிட, "சோறு! வாழைக்கா! ஆத்தாடி!" என்று முத்துப்பிரியா கத்துவது தேனி ஜில்லா முழுக்கப் பரவியது. ஏலக்காய்க் கடையில் அவளைப் பார்க்கிற வியாபாரிகள் வணக்கத்துக்குப் பதில் ஆத்தாடி என்றார்கள். அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது, தரையிலிருந்து இரண்டு விரற்கடை மேலே நடப்பதுபோலவும் இருந்தது. நாலாவது ராலியில் பதினோரு கார்களில் ஐந்தாவதாக வந்தார்கள்.

அடுத்ததுதான் சொந்த மலை. ஏலமலை ராலி. போடிமெட்டைத் தாண்டி எஸ்டேட் மண்ரோடுகளில் ஆறு கட்டம். எண்ணூறு சிசி பிரிவில் நாலு வருஷமாக ஜெயித்துக்கொண்டிருந்தவன் லிங்கேஸ்வரன் என்கிற திருப்பூர்க்காரன். நல்ல டிரைவர், நல்ல கார், வாயைத் திறந்து சிரிக்கமாட்டான். ஐந்து கட்டம் முடிந்தபோது அவனுக்கும் இவர்களுக்கும் இடையில் ஆறு செகண்டுதான் இருந்தது. அவன் முன்னால்.

ஆறாவது கட்டத்துக்கு முன்னால் வண்டியைச் சரிபார்க்க இருபது நிமிஷம். சின்ராசு பானட்டைத் திறந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். அப்போது வீரலட்சுமியின் ஜீப்பில் வரும் பெண்கள் அத்தனை பேரும், அன்றைக்குத் தோட்டத்தில் லீவு சொல்லிவிட்டு, ஆளுயரச் செவ்வந்தி மாலையோடு வந்து சேர்ந்தார்கள். முன்னால் வந்தவள் பொற்கொடி. இருபது வருஷமாக ஏலக்காய் எடுக்கிறவள். அவள் குரல் அடுத்த மலை வரைக்கும் போகும்.

"ஏ சின்ராசு, அந்தத் தகரத்தை மூடு. மாலை போடணும்."

"அக்கா, வண்டிக்கு மாலை போட்டா இன்ஜின் சூடாகும்க்கா."

"அப்ப ஒனக்குப் போடுறேன்" என்று பானட்டை அவளே அமுக்கி மூடிவிட்டு, மாலையை அவன் கழுத்தில் மாட்டினாள். குலவை கிளம்பியது. யாரோ அவனைத் தூக்கினார்கள். பானட் திறந்துகொள்ளாமல் பிடிக்கிற இரண்டு ஊசிகளும் அவன் சட்டைப்பையிலேயே இருந்தன. கார் கிளம்பிப் போய்விட்டது.

கட்டம் ஏழு கிலோமீட்டர். நாலு கிலோமீட்டர் வரை அப்படியொரு ஓட்டம் அந்தக் கார் ஓடியதில்லை. ஏலச்செடிகள் இரண்டு பக்கமும் பச்சையாகக் கரைந்து போயின. முத்துப்பிரியாவின் வாயிலிருந்து வார்த்தை வர வர வீரலட்சுமியின் கை திரும்பிக்கொண்டிருந்தது.

"பீச்சை அருவா, எம்பது, சோறு வாழைக்கா, ஆத்தாடி!"

மேட்டில் கார் எகிறியது. நாலு சக்கரமும் தரையை விட்டன. இறங்கும்போது 'டமால்' என்று ஒரு சத்தம். உலகம் மஞ்சளாகிவிட்டது. பானட் திறந்து, நிமிர்ந்து, கண்ணாடி முழுவதையும் மூடி நின்றது.

"மதினி, ஒண்ணும் தெரியல!"

"எனக்கு மட்டும் தெரியுதாக்கும்?"

"நிறுத்துவமா?"

"எறங்கி, கயிறு தேடிக் கட்டிட்டு, ஏறி பெல்ட்டு மாட்ட மூணு நிமிசம் ஆகும். எனக்குக் கீழ ரெண்டு விரக்கடை சந்து தெரியுது. நீ வாசி புள்ள!"

வீரலட்சுமி வேகத்தைப் பாதியாகக் குறைத்து, தலையைத் தாழ்த்தி, பானட்டுக்கும் கண்ணாடியின் அடிவிளிம்புக்கும் நடுவே தெரிந்த கீற்று வழியாக ரோட்டைப் பார்த்தாள். கண்ணுக்குக் கிடைத்தது பத்தடி மண். அடுத்த வளைவு எங்கே என்று சொல்ல முத்துப்பிரியாவை விட்டால் யாருமில்லை.

அவள் பக்கவாட்டு ஜன்னலைப் பார்த்தாள். பம்புசெட்டு கடந்து போனது. குறிப்பில் பம்புசெட்டு இருந்தது. "அம்பது, சோறு அருவா... இப்ப!" கார் திரும்பியது. ரோட்டை விட்டு விலகவில்லை! பயம் வர வேண்டிய இடத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியாத, வயிற்றைப் பிடித்து உலுக்குகிற சிரிப்பு. "பீச்சை வாழைக்கா... பலாமரம் வந்துருச்சு... இப்ப!" திரும்பியது. வீரலட்சுமியும் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"சிரிக்காம வாசிடி, ஸ்டியரிங்கு ஆடுது!"

"நூத்திருவது நேர் ரோடு மதினி, நேரு! மிதிங்க!"

"நேருதானா? சத்தியமா?"

"எழுதியிருக்கு மதினி!"

மிதித்தாள். ஒரு பெரிய மஞ்சள் தகரம் தானாகவே மலையில் ஓடி வருவதைப் பார்த்த எஸ்டேட் ஜனங்கள் கயிற்றுக்குப் பின்னால் நின்று கத்தினார்கள். ஒரு கொண்டை. ஒரு வெண்ணெய். மறுபடி ஒரு கொண்டை. காபிச்செடி ஒன்று ஜன்னலில் உரசிக்கொண்டு போனது. பிறகு முடிவுக்கொடி பக்கவாட்டில் மின்னி மறைந்தது. முத்துப்பிரியா, "நிறுத்துங்க! நிறுத்துங்க!" என்று அலறினாள். கார் நேரம் குறிக்கும் மேசைக்கு ஒரு முழம் முன்னால் நின்றது.

மேசையிலிருந்த மலையாளத்துப் பையன் குனிந்து சந்து வழியாக உள்ளே பார்த்தான். இரண்டு ஹெல்மெட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து குலுங்கிக்கொண்டிருந்தன.

"எந்தா சேச்சி இது? அகத்து ஆளுண்டோ?"

"உண்டு உண்டு, உள்ளதான் இருக்கோம்" என்றாள் வீரலட்சுமி. "நேரத்தை எழுதுப்பா."

மலைக் குறுக்குப்பாதையில் சின்ராசு மாலையோடு ஓடி வந்தான், இரண்டு ஊசிகளையும் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு. முகத்தில் ரத்தமே இல்லை. "வீரா... நான்தான்... என் பையிலயே இருந்துச்சு..." மூச்சு வாங்கியது. அவன் அழப்போகிறான் என்று முத்துப்பிரியாவுக்குத் தெரிந்தது. வீரலட்சுமி ஹெல்மெட்டைக் கழற்றி அவன் தலையில் மாட்டிவிட்டு, "பாக்காமலே ஓட்டிட்டு வந்துட்டேன், தெரியுமாங்க?" என்றாள். அப்புறம் அவனும் சிரித்தான்; அழுதுகொண்டேதான் சிரித்தான்.

தோற்றுவிட்டோம் என்றுதான் மூவரும் நினைத்திருந்தார்கள். லிங்கேஸ்வரனுக்கு அதே கட்டத்தில் ஒரு டயர் வெடித்திருந்தது. அவன் நின்று, சக்கரம் மாற்றி வந்ததில் இரண்டரை நிமிஷம் போய்விட்டது. எல்லாம் கூட்டிப் பார்த்தபோது இவர்களைவிட ஒன்றரை செகண்டு பின்னால் இருந்தான். ஒலிபெருக்கியில் பெயரைச் சொன்னபோது முத்துப்பிரியா காருக்குப் பின்னால் உட்கார்ந்து பொரித்த வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தாள். கையிலிருந்ததைக் கீழே போட்டாளா, விழுங்கினாளா என்று அவளுக்கு இன்றைக்கும் தெரியாது.

லிங்கேஸ்வரன் வந்து இருவருக்கும் கை கொடுத்தான். "தகரம் கண்ணை மறைச்சிருந்தா நான் அங்கேயே நிறுத்திருப்பேங்க" என்றான். பல் தெரிந்தது.

மேடைக்கு மரப்பலகைச் சரிவு போட்டிருந்தார்கள். கார் ஏறியது. கோப்பை கொடுத்தார்கள். மகாராஜன், அதே சின்னச் சுத்தியலோடு, முன்வரிசையில் நின்று கைதட்டினார். போட்டோ எடுத்தாயிற்று. இறங்க வேண்டும். வீரலட்சுமி சாவியைத் திருகினாள். 'டிக்' என்றது. மறுபடி திருகினாள். 'டிக்.' பாட்டரி போய்விட்டது.

"தள்ளுங்கடி!" என்றாள் பொற்கொடி.

தள்ளினார்கள். ஜீப்புப் பெண்கள் பதினாலு பேர், சின்ராசு, மலையாளத்துப் பையன், மகாராஜன், லிங்கேஸ்வரன், கடைசியில் முத்துப்பிரியாவும் கோப்பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஒற்றைக் கையால். கார் சரிவில் உருண்டு, இருமி, புகை கக்கி, பிடித்துக்கொண்டது. நிறுத்தினால் மறுபடி நின்றுவிடும் என்று வீரலட்சுமி நிறுத்தவில்லை. ஹாரனை அடித்துக்கொண்டு எஸ்டேட் மைதானத்தைச் சுற்ற ஆரம்பித்தாள். தள்ளிய வேகத்தில் விழுந்தவர்கள் எழுந்து காருக்குப் பின்னால் ஓடினார்கள். முத்துப்பிரியாவும் ஓடினாள். எதற்கு ஓடுகிறோம் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஒருவரும் நிற்கவும் இல்லை.